ஈரத்துண்டும் சிவப்பு வெளிச்சமும்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு மோசமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

என்ன திடீரென்று கடிதம் என்று பார்க்கிறீர்களா? நேற்று போனில் நான் அரை மணி நேரம் பேசினேன். நீங்கள் 'ம்' என்றீர்கள். அப்புறம் 'சாப்பிட்டியா' என்றீர்கள். அப்புறம் மூக்கை உறிஞ்சினீர்கள். சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும். அதனால் இனிமேல் கடிதம்தான். பேனாவைக் கையில் கொடுத்தாலாவது உங்களிடமிருந்து நாலு வார்த்தை வருகிறதா பார்ப்போம்.

வாலு வீடு சின்னது, ஆனால் பளிச்சென்று இருக்கிறது. இவள் உங்கள் தங்கைதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது இரட்டைப் பின்னல் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேனே, அந்த வாண்டு ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஸ்கேன் எடுக்க வருகிறவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டிருக்கிறது.

டாக்டரம்மாவைப் பார்த்தோம். மார்பில் இருக்கிற கட்டியை உடனே வெட்டப் போவதில்லையாம். முதலில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுவார்கள். கட்டி சுருங்கிய பிறகுதான் ஆபரேஷன். மருந்து கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அதற்கு ஒரு புது மெஷின் வந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் பாதி அளவு இருக்கும். நடுவில் வழக்கமான ஒலி அலை ஸ்கேன், அது கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும். அதைச் சுற்றிச் சிவப்பு வெளிச்சம், அது கட்டிக்குள் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று சொல்லும். சின்ன வயதில் டார்ச்சை உள்ளங்கையில் வைத்து, விரலெல்லாம் செக்கச்செவேலென்று தெரிவதைப் பார்ப்போமே, அதே வேடிக்கைதான். கட்டி ரத்தத்தைக் குடித்துத்தான் வளர்கிறதாம். மருந்து கேட்டால் முதலில் ரத்தம் குறையும், அப்புறம்தான் உருவம் சுருங்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை, வலியும் இல்லை.

முதல் படத்தை வாலுவுக்கு மேலே இருக்கிற சீனியர் அம்மா எடுத்தார். சிரிக்கவே தெரியாத முகம். நல்ல பக்கத்தையும் எடுத்து, கட்டி இருக்கிற பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். "ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்கணும்மா. விரலை அழுத்தினா வெளுத்துப்போகுதுல்ல, அந்த மாதிரி அழுத்தின இடத்துல ரத்தம் விலகிடும். அப்புறம் படம் பொய் சொல்லும்" என்றார். தராசு மாதிரி ஒரு கை அவருக்கு.

இந்த மருந்து கேட்காவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவார்களாம். அது விரல் நுனியை மரத்துப்போகச் செய்யுமாம். சிலருக்கு உணர்ச்சி திரும்பி வருவதே இல்லையாம். பல் செட்டுக்கு மெழுகில் பல் பதிக்கிறவளுக்கு விரல் நுனி போனால் என்ன மிச்சம்? கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் விரலுக்குத்தானே தெரியும்! இதே மருந்து கேட்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குழாயை இறுக்கி மூடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டைத் தனியாக விட்டுவிட்டு வந்த பாவி


ஜனவரி 18

எஜமானிக்கு,

நான் சுகம். கடை சுகம். வீடு உயிரோடு இருக்கிறது, அதற்கு மேல் கேட்காதே.

எனக்கு எழுத வராது என்று உனக்கே தெரியும். பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கரைக்கிற கை இது. ஆனாலும் நீ சொல்லிவிட்டாயே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மேல்வரிசை கீழ்வரிசை இரண்டுக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போன ஹெட்மாஸ்டர் வந்திருந்தார். நீ ஊரில் இல்லை என்றதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. "நான் பதிச்சுத் தரேன் சார்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாம்ப்பா. அம்மா வரட்டும். அவங்க கை பட்டாத்தான் அது என் வாய்க்குள்ள போகும்" என்றார். "அதுவரைக்கும் எப்படி சார் சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "கஞ்சி குடிச்சுக்கறேன்" என்றார். ரிட்டயர் ஆகியும் பிடிவாதம் ரிட்டயர் ஆகவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டேன். அதுவும் உன் பக்கத்தில்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வாலுவை அதட்டி வை.

உன் பிளாஸ்டர் கை


ஜனவரி 29

ஈரத்துண்டு மகாராஜாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை!

ஈரத்துண்டா? என் பக்கத்திலா? மெத்தையில் பூஞ்சை பிடித்தால் அதையும் பல் செட் மாதிரி கழற்றிக் கழுவி மாட்டலாம் என்று நினைப்போ? வெளியே கொடி எதற்குக் கட்டியிருக்கிறது, காக்கா உட்காரவா? சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு. இந்தக் கடிதம் கிடைத்ததும் மெத்தையை வெயிலில் போடவும். தலையணையையும்தான்.

முதல் மருந்து ஏற்றியாயிற்று. இரண்டு நாள் எதைப் பார்த்தாலும் குமட்டல், இப்போது தேவலை. முடி கொட்ட ஆரம்பித்ததால் வாலுவே உட்கார வைத்து மழித்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் எதிரில் என் அப்பா நிற்கிறார். பழக்கதோஷத்தில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது மருந்துக்கப்புறம் மறுபடி அந்தச் சிவப்பு வெளிச்சப் படம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை வாலுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சீனியர் அம்மா நல்லவர்தான், ஆனால் சதை எடுத்துப் பரிசோதித்த இடம் இன்னும் ஆறவில்லை, அவர் அழுத்தினதில் உயிர் போய் உயிர் வந்தது. மெஷின் வலிக்காது, அந்தப் புண்தான் வலிக்கும். "சொந்தக்காரங்களுக்கு நாங்களே எடுக்கறது வழக்கமில்ல அண்ணி" என்று இழுத்தாள். "உனக்குப் பேன் பார்த்தது யாருடி?" என்று கேட்டேன். உடனே என் பெயரைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டரைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த மெழுகில் கை வைக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மொட்டை


பிப்ரவரி 4

மொட்டைக்கு மொட்டையாக ஒரு வணக்கம்.

நீ சிரித்தாய் என்று படித்ததும் ஒரு வாரச் சாப்பாடு ஒரே நாளில் உள்ளே போனது மாதிரி இருந்தது. நான் சுகம். மெத்தையை வெயிலில் போட்டேன். மழை வந்துவிட்டது. அதை விடு.

நீ எதைச் செய்யாதே என்றாயோ அதைத்தான் செய்தேன். மெழுகில் கை வைத்தேன். ஹெட்மாஸ்டரின் மேல்வரிசையை ராப்பகலாக உட்கார்ந்து பதித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. போட்டுப் பார்க்கச் சொன்னேன். சார் வாயை மூடினாலும் பல் உள்ளே போகவில்லை. கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாருப்பா இவன்?" என்று கேட்டார். கழற்றி என் கையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கையெழுத்து சரியில்லை என்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி!

துண்டு நேற்றும் கட்டில் மேல்தான். பால் பாத்திரம் ஒன்று கருகிவிட்டது. எது என்று சொல்ல மாட்டேன்.

படம் எடுத்ததும் எழுது. எனக்கு வேறு வேலையே ஓடாது.

உன் பிளாஸ்டர் கை


பிப்ரவரி 19

அன்பானவருக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

இங்கே எல்லோரும் நலம். இரண்டாவது மருந்து ஏற்றினார்கள். ஒரு குறையும் இல்லை. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. ஜன்னல் வழியாகக் காற்று நன்றாக வருகிறது.

படம் எடுத்தார்கள். வாலுதான் எடுத்தாள். அவளுக்கு எப்பேர்ப்பட்ட கை தெரியுமா? நல்ல பக்கத்தில் மெஷினை நன்றாக அழுத்திப் பிடித்தவள், கட்டி இருக்கிற பக்கம் வந்ததும் தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரித் தொட்டாள். வைத்ததே தெரியவில்லை. பெற்ற பெண் இருந்தால்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தைப் பற்றி டாக்டரம்மா விவரமாகச் சொல்வார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

துண்டு, பாத்திரம் எல்லாம் பரவாயில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பிப்ரவரி 22

என் எஜமானிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. உனக்கு என்ன ஆயிற்று?

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். காற்று நன்றாக வருகிறதாம். மன்னிக்க வேண்டுமாம். துண்டு பரவாயில்லையாம்! கல்யாணமான நாளிலிருந்து நீ எனக்கு ஒரு பரவாயில்லை சொன்னதில்லை. பாத்திரத்தைக் கருக்கினேன், எந்தப் பாத்திரம் என்றுகூடக் கேட்கவில்லை. மெழுகைத் தொட்டேன், அதற்கு ஒரு வார்த்தை இல்லை. இது என் பெண்டாட்டி எழுதின கடிதமே இல்லை.

போன் செய்தால் 'கடையில கூட்டமா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். வாலு போனையே எடுப்பதில்லை. நீங்கள் இருவரும் சேர்ந்துகொண்டு எதையோ மறைக்கிறீர்கள். கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கு, அவ்வளவுதான்.

எதுவாக இருந்தாலும் எனக்கும் பாதி கொடு. நீ திட்டாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை.

உன் பிளாஸ்டர் கை


பிப்ரவரி 22

வாலுவுக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா?

உன் அண்ணி உன் கையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதியிருக்கிறாள். நல்ல பக்கத்தில் அழுத்திப் பிடித்தாயாம், கட்டி இருக்கிற பக்கம் வந்ததும் தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரித் தொட்டாயாம், மெஷின் வைத்ததே தெரியவில்லையாம். நான் செய்ய வேண்டியதை நீ செய்கிறாய். உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீ நல்லா இருக்கணும்.

ஆனால் படத்தில் என்ன வந்தது என்று அவள் எழுதவே இல்லை. நீயும் மூச்சு விட மாட்டேன் என்கிறாய். உன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பாள், அவள் குணம் எனக்குத் தெரியாதா! சத்தியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உண்மையை எழுது. இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து உன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணனுக்கு,

நானும் அண்ணியும் இருக்கிறோம் அண்ணா. நீ பஸ் ஏறாதே, முதலில் இதைப் படி.

சத்தியம் வாங்கினது உண்மைதான். படம் நன்றாக வரவில்லை. கட்டிக்குள் ரத்தம் கொஞ்சமும் குறையவில்லை என்று காட்டியது. மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது, மூன்றாவது தடவையிலிருந்து வேறு மருந்துக்கு மாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆமாம், விரல் மரத்துப்போகும் அந்த மருந்துதான். "அவருக்குச் சொல்லாதடி, ஒண்டியா உட்கார்ந்து அழுவாரு" என்றார் அண்ணி. அன்றிலிருந்து அவர் யாரையும் அதட்டவில்லை. நான் பால் சிந்தினேன், ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரி விலாசத்துக்கு உன் கடிதம் வந்தது. அதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. பாராட்டு என்று நினைத்து நீ எழுதினாய். அது என் தப்பு அண்ணா! இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். நல்ல பக்கத்தை நான் அழுத்தியிருந்தால் அங்கே ரத்தம் விலகிக் குறைவாகத் தெரியும். கட்டி இருக்கிற பக்கத்தை அழுத்தாவிட்டால் அங்கே அத்தனை ரத்தமும் அப்படியே தெரியும். ஒப்பிட்டுப் பார்த்தால் மருந்து வேலையே செய்யாத மாதிரி இருக்கும். முதல் படத்தை எடுத்தது சீனியர் அம்மா, அவர் கை மாறவே மாறாது. இரண்டாவதை எடுத்தது நான். அண்ணிக்கு வலிக்குமே என்று என் கை தானாகவே பின்வாங்கியிருக்கிறது. சத்தியமாக எனக்கே தெரியாது. எல்லோருக்கும் எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம்கூட முடியவில்லை, சீனியர் அம்மாவிடம் ஓடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டித் தீர்ப்பார் என்று நின்றேன். என் இரண்டு கையையும் பார்த்தார். "இதுங்களுக்கு அண்ணின்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தான் வழக்கமில்லன்னு வச்சிருக்கோம்" என்றார். உடனே டாக்டரம்மாவுக்குச் சொல்லி, மருந்து மாற்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு அவரே மறுபடி படம் எடுக்கிறார். என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அண்ணா. படம் தப்பாக இருக்கலாம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நிஜமாகவே மருந்து கேட்காமலும் இருக்கலாம். அதற்கும் மனதைத் தேற்றிக்கொள். முடிவு எதுவானாலும் அண்ணியே எழுதுவார், நான் எழுதச் சொல்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

வாலு


மார்ச் 3

அழுமூஞ்சி அண்ணனுக்கும் அழுமூஞ்சித் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் எழுதுவது:

நான் நன்றாக இருக்கிறேன். இது காற்று நன்றாக வருகிற 'நன்றாக' இல்லை, நிஜமான நன்றாக.

அந்தச் சீனியர் அம்மா எடுத்தார். நல்ல பக்கத்தை அழுத்தினார், இந்தப் பக்கத்தையும் அதே அழுத்து அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். என் பல் சொந்தப் பல்லாக இருந்ததால் தாங்கியது. அப்புறம் திரையைத் திருப்பி முதல் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் அடுப்புத் தணல் மாதிரி இருந்த திட்டு இதில் வெளிறிக் கிடந்தது. "ரத்தம் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கும்மா. மருந்து நல்லாவே கேக்குது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கும் சிரிக்கத் தெரியும்! டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, இதே மருந்தையே தொடரலாம் என்றார். மூன்றாவது தடவை அதுவே ஏறியாயிற்று.

வெளியே வந்தால் நடைபாதை பெஞ்சில் வாலு தேம்பிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக் கோட்டு போட்டவள் அழுவதைப் பார்த்து, பாவம், மற்ற நோயாளிகளெல்லாம் வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். "அடி லூசு, எழுந்திருடி. நீதான் எடுக்கணும்னு அடம்பிடிச்சது நான். உன் கை மேல என்ன தப்பு?" என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். பயந்துபோயிருந்தேன், அதனால்தான். பகலெல்லாம் மேசை விளிம்பில் விரலை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், உணர்ச்சி இருக்கிறதா, இருக்கிறதா என்று. உங்கள் துண்டைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தால், இனி இந்த மனிதரைத் திட்ட நான் அந்த வீட்டில் எத்தனை காலம் இருப்பேனோ என்று வந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் திட்ட வரவில்லை.

இப்போது வருகிறது. கேட்டுக்கொள்ளுங்கள். கருகினது எந்தப் பாத்திரம்? அடிகனமான அந்தப் பெரிய பாத்திரமாக இருந்தால் நான் வருவதற்குள் நீங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வது நல்லது. மழை வருகிற மாதிரி இருந்தால் மெத்தையை யாராவது வெளியே போடுவார்களா? வானத்தைப் பார்க்கக்கூட நான்தான் வர வேண்டுமா? ஹெட்மாஸ்டர் வாயில் என்ன செய்து வைத்தீர்கள்? மெழுகைத் தொடாதே என்றால் தொடாதே என்றுதான் அர்த்தம். அந்த மேல்வரிசையை உருக்கிவிடுங்கள், அது நம் கடையில் செய்தது என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். துண்டு கொடியில்! கொடியில்! கொடியில்!

எனக்குத் தெரியாமல் வாலுவுக்கு எழுதினதற்கும் திட்ட வேண்டும். ஆனால் நீங்கள் அதை எழுதாமல் இருந்திருந்தால் இந்நேரம் என் விரல் மரத்துக்கொண்டிருக்கும். அதனால் அதற்கு மட்டும் பாதித் திட்டு. மீதியை உங்கள் கணக்கில் வைத்திருக்கிறேன்.

சாப்பிடுங்கள். தூங்குங்கள். அழாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மொட்டை எஜமானி


மார்ச் 8

என் எஜமானிக்கு,

கிடைத்தது. உன் திட்டு முழுசாக, ஒரு வார்த்தை குறையாமல் வந்து சேர்ந்தது.

தபால்காரர் கொடுக்கும்போது கடையில் ஹெட்மாஸ்டர் இருந்தார். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். அழாதே என்று நீ கடைசியில்தானே எழுதியிருக்கிறாய், நான் அதற்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். சார் பதறிப்போய்க் கடிதத்தை வாங்கினார். வாத்தியார் இல்லையா, ஒரு வரி விடாமல் படித்தார். அவரைப் பற்றின இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவ்வளவு திட்டியிருக்காங்க, நீ ஏன்யா அழுதுக்கிட்டே சிரிக்கற?" என்று கேட்டார். "நல்லாயிட்டு வராங்க சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். ஒரு பல் இல்லை, இருந்தாலும் அப்படி ஒரு அழகான சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் முடிந்து நீ வரும்வரை கஞ்சி குடித்துக்கொண்டே இருக்கத் தயாராம்.

மேல்வரிசையை உருக்கிவிட்டேன். மெத்தை காய்ந்துவிட்டது. கருகினது பெரிய பாத்திரம்தான். வேறு வீடு கிடைக்கவில்லை, இங்கேயேதான் இருப்பேன்.

வாலுவிடம் சொல், அவள் கையை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தால் என் கையும் அதைத்தான் செய்திருக்கும்.

துண்டு இப்போது கொடியில்தான் காய்கிறது. மடித்து வைக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வருகிற அன்று காலையில் குளித்துவிட்டு அதைக் கட்டில் மேல்தான் போடப் போகிறேன், உன் பக்கத்தில். வந்து பார்த்துக்கொள்.

உன் பிளாஸ்டர் கை